துறைமுகத்துக்கு முதுகு காட்டும் முனையம்: திருகோணமலைப் புகையிரத நிலையம் பற்றிய ஒரு மதிப்பீடு

ஒரு துறைமுக நகரின் புகையிரத முனையத்தை எடைபோட மூன்று அளவுகோல்கள் போதும். கப்பலில் வரும் சரக்கும் வண்டியில் ஏறும் சரக்கும் அங்கே சந்திக்கின்றனவா என்பது முதலாவது. துறைமுகத்தில் உழைப்பவர் காலையில் வந்திறங்கி மாலையில் வீடு திரும்ப அது உதவுகிறதா என்பது இரண்டாவது. துறைமுகத்தை அதன் பின்னிலத்தோடு அது பிணைக்கிறதா என்பது மூன்றாவது. திருகோணமலை நிலையம் 1927இல் திறந்த நாள்முதல் முதல் தேர்வில் பக்கத்து நிலையத்தின் புண்ணியத்தால் தேறிவருகிறது. மூன்றாவதில் பாதி மதிப்பெண் வாங்குகிறது. இரண்டாவது தேர்வுக்கு அதை யாரும் உட்காரவைத்ததே இல்லை.

இந்த நிலையத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதன் அமைதியையும் கடற்காற்றையும் எழுதுகிறார்கள். அவை உண்மைதான். ஆனால், ஒரு முனையத்தில் அமைதி நிலவுவது அதன் சிறப்பா, அதன் குறைக்குச் சான்றா என்று கேட்காத எழுத்து திறனாய்வு ஆகாது. உலகின் ஆழமான இயற்கைத் துறைமுகங்களில் ஒன்றைத் தன் பெயரில் தாங்கிய நிலையம் நாளின் பெரும்பகுதி வெறிச்சோடிக் கிடக்கிறதென்றால், அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். அந்தக் காரணத்தைத் தேடுவதே இங்கு வேலை.

முதலில் இருப்பிடம். நிலையம் நகர்மையத்துக்கு வடமேற்கே, திறந்த கடலை ஒட்டிய பக்கத்தில் இருக்கிறது. உள்துறைமுகமோ நகரின் மறுபுறம். கந்தளாயிலிருந்து வரும் தண்டவாளம் தம்பலகாமத்தைக் கடந்து சீனன்குடாவில் துறைமுகத்தைத் தொட்டுவிட்டு, அங்கிருந்து உள்துறைமுகத்தின் வடபுறமாக வளைந்து நகருக்குப் போய் முடிகிறது. ஆக, துறைமுகத்தின் உண்மையான நிலையம் கடைசிக்கு முந்தைய நிலையமான சீனன்குடா. மாவு ஆலை, சீமெந்து ஆலை, எண்ணெய்த் தாங்கிகள், அஷ்ரப் இறங்குதுறை, விமானத்தளம் என்று திருகோணமலையின் துறைமுகத் தொழிற்பரப்பு முழுவதும் அதன் சுற்றுவட்டாரத்தில்தான். முனையம் என்ற பெயரையும் முன்னுரிமையையும் ஒன்று வைத்திருக்கிறது. முனையத்துக்குரிய வேலை மற்றொன்றிடம் இருக்கிறது.

இதை வடிவமைப்புப் பிழை என்று உடனே தீர்ப்பெழுதுவது அநியாயம். நகரவாசியின் கண்ணால் பார்த்தால் இருப்பிடம் சரியானது: பஸ் நிலையம், சந்தை, ஆஸ்பத்திரி, கச்சேரி எல்லாம் நகர்ப் பக்கத்தில்தான். சீனன்குடாவிலேயே பாதையை நிறுத்தியிருந்தால் நகரம் கைவிடப்பட்டிருக்கும். நகரத்தையும் துறைமுகத்தையும் ஒரே தடத்தில் கோத்த முடிவு தொழில்நுட்ப ரீதியில் சீரானது. பிழை தடத்தில் இல்லை. அந்தத் தடத்தின் மேல் எந்த வண்டி, எந்த நேரத்தில், யாருக்காக ஓடுகிறது என்பதில் இருக்கிறது. அதற்கு விடை காண வரலாற்றைச் சற்றே தொட வேண்டும்.

மாஹோவிலிருந்து கிழக்கே திரும்பி, ஹபரணை வழியாகக் கல்ஓயா சந்திக்கு வந்து, அங்கே மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்குமாகப் பிரிகிற இந்தப் பாதை, இலேசுப் புகையிரதப் பாதை என்ற தரத்தில் போடப்பட்டது. கல்ஓயாவிலிருந்து திருகோணமலைக்கு ஏறத்தாழ 70 கி.மீ. இதில் ஒரு நல்ல முடிவும் ஒரு சிக்கன முடிவும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. நல்ல முடிவு அகலத் தடம்: தீவின் பிரதான பாதைகளுக்குரிய அதே 1,676 மி.மீ. அகலம். களனிவெளிப் பாதை பல பத்தாண்டுகள் குறுகிய தடத்தில் தனித்துக் கிடந்ததோடு ஒப்பிட்டால் இதன் மதிப்புப் புரியும். சீனன்குடாவில் ஏற்றிய வாகன் இடையில் எங்கும் சரக்கை மாற்றாமல் கொழும்புக்குப் போய்விடும். சிக்கன முடிவு தரம்: ஒற்றைத் தடம், இலேசான கட்டுமானம், மெதுவான வேகம். நோக்கத்தில் பேரரசுத் துறைமுகம். செலவில் கிராமப் பாதை. இந்த முரண்பாடு பாதையின் பிறப்பிலேயே இருந்தது. பின்னால் வந்த எவரும் அதை முழுமையாகத் தீர்க்கவில்லை.

பாதைக்கு முதல் வாடிக்கையாளர் யார் என்பதில் ஐயமில்லை. திருகோணமலை பிரித்தானியக் கடற்படையின் தளம். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தைத் தாக்கியதற்கும் அதுவே காரணம். அந்தக் கடற்படை 1957இல் வெளியேறியது. கணக்கைப் பாருங்கள்: பாதை தன் முதன்மை வாடிக்கையாளருக்கு உழைத்தது 30 ஆண்டு, அவர் போனபின் அது உயிரோடிருக்கும் காலம் அதைவிட இரு மடங்குக்கும் மேல். இந்த நீண்ட காலத்தில் இந்த முனையம் இனி யாருக்கு என்ற கேள்விக்குத் தெளிவான ஒரு கொள்கை விடை எழுதப்பட்டதற்கு வண்டி நேர அட்டவணையில் தடயமே இல்லை. நேர அட்டவணைதான் ஒரு புகையிரதத் துறையின் உண்மையான கொள்கை ஆவணம். மற்றவை மேடைப் பேச்சு.

அந்த அட்டவணையை வாசிப்போம். இந்தப் பாதையின் முதுகெலும்பு கொழும்புக் கோட்டைக்கும் திருகோணமலைக்கும் இடையிலான இரவுத் தபால் வண்டி. இரவில் ஏறி விடியலில் இறங்கலாம். ஏறத்தாழ எட்டு மணிநேரப் பயணம். பகலில் கல்ஓயாவில் மாறிச் செல்லும் இணைப்புகள் காலத்துக்குக் காலம் இருந்திருக்கின்றன. தலைநகரில் அலுவல் உள்ளவருக்கு இரவு வண்டி உண்மையான சேவை: ஒரு பகல் மிச்சம், ஒரு விடுதிச் செலவு மிச்சம். வெளிநாடு செல்பவர், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், அமைச்சுகளில் கோப்புத் தேடி அலைகிறவர் எல்லோருக்கும் அது நம்பிக்கை. இதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அதே வண்டியைக் கந்தளாயில் நின்று பாருங்கள். கந்தளாயிலிருந்து திருகோணமலை சுமார் 40 கி.மீ. நாளாந்தம் போய்வரக் கூடிய தூரம். கொழும்பிலிருந்து வரும் வண்டி அங்கே விடியுமுன் வந்து போய்விடுகிறது. ஆலையில் காலை முறைக்குப் போகிறவருக்கு அது மிகவும் முந்தியது. திரும்பும் வண்டியோ கொழும்பின் விடியலைக் குறிவைத்துப் புறப்படுகிறது. மாலையில் வேலை விடும் நேரத்தோடு அது பொருந்தினால் அது தற்செயல். அதாவது, 70 கி.மீ. கிளைப்பாதையில் உள்ள முள்ளிப்பொத்தானை, தம்பலகாமம், சீனன்குடா நிலையங்கள் அனைத்தும் ஒரு நெடுந்தூர வண்டியின் வழிநிலையங்களாக மட்டுமே இயங்குகின்றன. முனையத்தைச் சுற்றி ஓர் உள்ளூர்ச் சேவை கட்டப்படவில்லை.

முனையத்தில் நடக்கும் ஒரு சிறு வேலையை உற்றுப் பார்த்தால் இந்த மனப்போக்கு தெரியும். இயந்திரம் இழுத்துவரும் வண்டி மேடையில் நின்றதும், இயந்திரத்தைப் பெட்டிகளிலிருந்து கழற்ற வேண்டும். தொழிலாளி இயந்திரத்துக்கும் முதற் பெட்டிக்கும் நடுவே இறங்கி, கொக்கியைத் தளர்த்தி, பிரேக் குழாயைப் பிரிக்கிறார். இயந்திரம் முன்னே நகர்ந்து, திசைமாற்றியைக் கடந்து, பக்கத்துத் தடத்தால் பின்னோக்கி ஓடி, மறுமுனையில் வந்து மறுபடி மாட்டிக்கொள்கிறது. பிறகு பிரேக் சோதனை. நாளுக்கு ஒன்றிரண்டு வண்டி ஓடும் முனையத்துக்கு இது போதும். காலை மாலை முக்கால் மணிக்கொரு வண்டி திரும்ப வேண்டிய முனையத்துக்கு இது ஆகாது. அதற்கு இரு முனையிலும் ஓட்டுநர் அறை உள்ள பவர்செட் வேண்டும். ஓட்டுநர் இறங்கி மறுமுனைக்கு நடந்தால் வண்டி புறப்படத் தயார். பவர்செட்டுகள் இலங்கைப் புகையிரதத் துறைக்குப் புதியன அல்ல. கொழும்பின் அன்றாடப் பயணிகளை நெடுங்காலமாக அவைதான் சுமக்கின்றன. அறிவு துறையிடம் இருக்கிறது. அது திருகோணமலைவரை பயணம் செய்யவில்லை.

இங்கே எதிர்வாதத்துக்கு நியாயமான இடம் தர வேண்டும். கல்ஓயாவுக்கும் கடலுக்கும் இடையே மக்கள்தொகை அடர்த்தி குறைவு. கந்தளாய் தவிர பெரிய ஊர் இல்லை. கொழும்பு வீதியில் பஸ்கள் தாராளம். பாதையின் ஒரு பகுதி யானைகள் நடமாடும் காடு. 2025 பெப்ரவரியில் ஹபரணைப் பக்கம் பயணிகள் வண்டி மோதி ஆறு யானைகள் இறந்ததை நாடு மறக்கவில்லை; அந்தப் பக்கத்தில் இரவில் வேகத்தைக் கூட்டு என்று யாரும் பொறுப்போடு சொல்ல முடியாது. இவை எல்லாம் சரி. ஆயினும் இந்த வாதம் நிரூபிப்பது கொழும்புப் பயணத்தை விரைவாக்குவது கடினம் என்பதை மட்டுமே. கந்தளாய்க்கும் திருகோணமலைக்கும் இடையில் பகலொளியில் ஓடக்கூடிய ஒரு குறுந்தூரச் சேவையை அது தொடவில்லை. பயணிகள் இல்லை, ஆகவே வண்டி இல்லை என்பவர், வேலை நேரத்துக்கு வண்டி விட்டுப் பார்த்த பின்னர் அதைச் சொன்னால் எடுபடும்.

ஒப்பீடு இல்லாமல் அளவுகோல் முழுமையடையாது. துறைமுகமும் அன்றாடப் பயணியும் ஒரே மேடையில் சந்திக்கும் முனையத்துக்குத் தமிழ் உலகில் முதன்மை உதாரணம் சென்னைக் கடற்கரை நிலையம். துறைமுகத்துக்கு நேரெதிரே, பாரிமுனைக்கு நடைதூரத்தில் அது இருக்கிறது. 1931இல் அங்கிருந்து தாம்பரத்துக்கு மின்வண்டி ஓடத் தொடங்கியது. அதன் சாதனை கட்டடத்தில் இல்லை. சுங்கம், தபால், வங்கி, உயர்நீதிமன்றம், துறைமுகம் என்று வேலை குவிந்த இடத்தின் வாசலில் மேடையை வைத்து, வண்டியைச் சலிக்காமல் அனுப்பிய முறைமையில் இருக்கிறது. அதற்கும் குறை உண்டு. 1995இல் தொடங்கிய பறக்கும் ரயில் அதே நிலையத்திலிருந்து புறப்பட்டாலும், நான்காவது தடப் பணிக்காக 2023 ஆகஸ்ட் முதல் ஓராண்டுக்கு மேல் கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே அது நின்றே போனது. ஆனாலும் அந்த நிறுத்தம் நகரத்தையே முகஞ்சுளிக்க வைத்தது. அதுவே அந்த முனையத்தின் தேவைக்குச் சான்று. திருகோணமலையில் வண்டி ஓராண்டு நின்றால் கொழும்புப் பயணிகள் கலங்குவார்கள். சீனன்குடாத் தொழிலாளர் கவனிக்கவே மாட்டார்கள்.

இலண்டன் துறைமுகப்பகுதியின் உதாரணம் இன்னொரு பாடம். கப்பல்துறைகள் மூடப்பட்ட பின், 1987இல் அங்கே இலகு ரயில் வந்தது. நகரப் பக்க முனையம் டவர் கேட்வேயில் அமைந்தது. வேலைத்தலத்தின் மையத்துக்கு அது சற்றே தள்ளி இருந்தது. அந்தச் சற்றுத் தூரமே பெரிய குறையாகப் பட்டது. 1991இல் பாங்க் நிலையத்துக்குச் சுரங்கம் தோண்டி இணைத்தார்கள். முனையம் தவறான இடத்தில் இருப்பது குற்றம் அல்ல; தவறு தெரிந்தபின் அதை அப்படியே விடுவதுதான் குற்றம். அங்கே நான்கு ஆண்டு. இங்கே ஒரு நூற்றாண்டை நெருங்குகிறோம்.

நம் தீவிலேயே தலைமன்னார் இருக்கிறது. 1914இல் கப்பலுக்கும் வண்டிக்கும் ஒரே மேடை என்ற எண்ணத்தை முழுமையாக நிறைவேற்றிய முனையம் அது: இறங்குதுறையில் வண்டி, அதன் பக்கத்தில் கப்பல், அக்கரையில் தனுஷ்கோடி. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தபோது முனையத்தின் பாதி உயிர் போனது. 2015 மார்ச்சில் தண்டவாளம் திரும்ப வந்தது, கப்பல் வரவில்லை. ஆக, ஒருங்கிணைவில் உயர்ந்த முனையமும் தன் மறுகரையை இழந்தால் கடற்கரை ஊர் நிலையமாகச் சுருங்கும். திருகோணமலைக்கு அந்த வாழ்வும் இல்லை, அந்த வீழ்ச்சியும் இல்லை. அதன் துறைமுகம் இன்னும் உயிரோடிருக்கிறது. ஆனால் அதன் முனையம் ஒரு நாளும் துறைமுகத்தோடு சேரவில்லை. இது மேலும் கடுமையான குற்றச்சாட்டு.

சரக்கில் நிலைமை மேல். சீனன்குடாவில் கோதுமை ஆலை 1980இல் இயங்கத் தொடங்கியது; மாவு ரயிலேறித் தெற்கே போனது. 1980களில் சீமெந்து ஆலையும் வந்தது. இந்தத் துறைமுகம் கொள்கலன் பெட்டிகளில் கொழும்போடு போட்டியிடவில்லை. மொத்தச் சரக்கில் தன் இடத்தைக் கண்டது. மொத்தச் சரக்குக்கு ரயில்தான் இயல்பான துணை. முதல் அளவுகோலில் தேர்ச்சி என்று நான் சொன்னது இதனால்தான். ஆனால் அந்தத் தேர்ச்சியின் பெருமை சீனன்குடாவுக்கே உரியது.

எண்ணெய்த் தாங்கிகளின் கதை இந்தப் பாதையின் கதைக்கு நல்ல ஒப்பு. மேல்தொகுதியில் 84, கீழ்த்தொகுதியில் 15, ஆக 99 தாங்கிகள். பல பத்தாண்டுகள் அவற்றில் பெரும்பாலானவை காடு மூடிக் கிடந்தன. 2022 ஜனவரி உடன்படிக்கையில் 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 லங்கா ஐஓசிக்கு, 61 கூட்டு நிறுவனத்துக்கு என்று பிரிக்கப்பட்டன. 2025 ஏப்ரலில் இந்தியாவும் ஐக்கிய அரபு அமீரகமும் இலங்கையும் திருகோணமலையை எரிசக்தி மையமாக்குவது பற்றி உடன்பாடு கண்டன. பிரித்தானியர் காலத்து அந்தத் தாங்கிகளுக்கே மூன்று அரசுகள் மேசையில் உட்கார்ந்து புதிய பயன் தேடுகின்றன. அவற்றின் பக்கத்திலேயே கிடக்கும் ஒரு புகையிரதப் பாதைக்குப் புதிய பயனைத் தேட ஒரு மேசை கூடவில்லை. பேச்சின் மையம் எண்ணெயும் குழாயும். அந்த வேலைகளுக்கு ஆட்கள் எப்படி வந்துபோவார்கள் என்பது அல்ல.

இனி மூன்றாவது அளவுகோலைக் கிளிவெட்டியிலிருந்து பார்க்க வேண்டும். அங்கிருந்து பார்த்தால்தான் பாதையின் வடிவம் துலங்கும். கொட்டியாரக் குடாவின் தென்பக்கம், மூதூருக்கு அப்பால், மட்டக்களப்பு வீதியில் இருக்கும் நெல்லூர் கிளிவெட்டி. சம்பூர் மக்கள் 2006இல் இடம்பெயர்ந்து ஆண்டுக்கணக்கில் இடைத்தங்கல் முகாமில் காத்திருந்த ஊர்களில் இதுவும் ஒன்று. சம்பூரில் வரவிருந்த நிலக்கரி அனல்மின் நிலையத் திட்டம் 2016இல் கைவிடப்பட்டது. துறைமுக அபிவிருத்தி என்ற சொல்லின் விலையை இந்தக் கரை நன்கு அறியும். இந்தக் கரைக்குப் புகையிரதம் வரவே இல்லை. பாதை உள்நாட்டைச் சுற்றிக் கல்ஓயாவில் பிரிகிறது. மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்கு ரயிலில் வர விரும்புகிறவர் பொலன்னறுவை வழியாக அந்தக் காட்டுச் சந்திக்குப் போய்த் திரும்ப வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறவர் தெற்கே மாஹோவரை இறங்கி மறுபடி வடகிழக்கே ஏற வேண்டும். வடக்கையும் கிழக்கையும் இணைக்காமல், ஒவ்வொன்றையும் தனித்தனியே கொழும்போடு இணைத்த வலைப்பின்னல் இது. கொழும்பின் பார்வையில் அது கச்சிதம். கிளிவெட்டியின் பார்வையில் முக்கோணத்தின் மூன்றாவது பக்கம் வரையப்படவே இல்லை.

அந்தப் பக்கத்தை வரைந்தது வீதி. கிண்ணியாத் துறையில் படகுப்பாதைக்குக் காத்திருந்த காலமும், மூதூர் லோஞ்சுக்கு விடியலிலேயே ஓடிய காலமும் இந்த மாவட்டத்தில் நடுவயதினருக்குக் கதை அல்ல, அனுபவம். 2009இல் 396 மீற்றர் நீளக் கிண்ணியாப் பாலம் திறந்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் மற்றத் துறைகளுக்கும் பாலங்கள் வந்தன. கிளிவெட்டியில் ஏறுகிறவர் இன்று ஒரே பஸ்ஸில் நகரத்துக்குப் போகிறார். எட்டுப் பத்தாண்டு ரயில் கண்டுகொள்ளாத தேவையைச் சில பாலங்கள் சில ஆண்டுகளில் நிறைவேற்றின. தேவை இல்லை என்பவருக்கு இதைவிட நேரடியான மறுப்பு இல்லை. இன்னொன்று: கிண்ணியாப் பாலம் கடந்து வெள்ளைமணல் வழியாக நகருக்கு வரும் அந்த வீதி சீனன்குடாவைத் தொட்டே வருகிறது. பஸ்ஸும் ரயிலும் துறைமுகமும் ஒரே இடத்தில் கூடக்கூடிய சந்தி தானாகவே அமைந்து கிடக்கிறது. அங்கே பஸ் நேரத்தை ஒட்டி ரயில் நேரம் இல்லை. இரண்டுக்கும் ஒரே பருவச்சீட்டும் இல்லை.

நிறைகுறைகளை ஒன்றோடொன்று வைத்துத் தொகுக்கிறேன். தடத்தின் அகலம் சரி, தரம் குறை. நகருக்கு முனையத்தின் இருப்பிடம் ஏற்றது, துறைமுகத்துக்கு ஏற்றதல்ல. இரவு வண்டி நேர்மையான சேவை, ஆனால் உள்ளூருக்கானது அல்ல. சரக்கில் பயன் உண்டு. அது முனையத்துக்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. பின்னிலத்தோடு பிணைப்பு மேற்கே உண்டு, தெற்கே இல்லை, வடக்கே சுற்றுவழி. கட்டியவர்கள் தங்கள் நோக்கத்தை ஓரளவு நிறைவேற்றினார்கள். சுவீகரித்தவர்கள் நோக்கத்தையே எழுதவில்லை. ஒத்திசைவு இல்லாமைதான் இதன் மூலக் குறை. பழைமை அல்ல, வறுமையும் அல்ல.

ஆகவே என் தீர்ப்பு: கொழும்புப் பாதையின் கடைசி நிலையமாகத் திருகோணமலை தேறுகிறது. துறைமுக முனையமாக அது தேறவில்லை. அந்தப் பட்டம் சீனன்குடாவுக்குப் போக வேண்டியது. அன்றாடப் பயணிகளின் முனையமாக அது இன்னும் பிறக்கவில்லை. இந்தத் தீர்ப்பை மாற்றப் புதிய தண்டவாளம் வேண்டாம், புதிய கட்டடமும் வேண்டாம். கந்தளாய்க்கும் திருகோணமலைக்கும் இடையே காலையில் இரண்டு, மாலையில் இரண்டு பவர்செட் ஓட்டங்கள், சீனன்குடாவில் ஆலைகளின் முறை மாறும் நேரத்தோடும் கிண்ணியா, மூதூர், கிளிவெட்டி பஸ்களோடும் ஒட்டிய நேரங்கள், ஒரே பருவச்சீட்டு. இவற்றை ஓராண்டு நாணயமாக நடத்திப் பார்த்த பின்னும் வண்டி காலியாக ஓடினால், இந்த மதிப்பீட்டின் இரண்டாவது அளவுகோலை நானே திரும்பப் பெறுவேன். அந்தச் சோதனை நடக்கும்வரை, பயணிகள் இல்லை என்ற கூற்றை ஒரு முடிவாக அல்ல, சோதிக்கப்படாத ஓர் அனுமானமாகத்தான் வாசகர் கொள்ள வேண்டும்.